அக்காவின் உள்ளாடைகளைச் சலவைக்குப் போட்டு 5,400 ராண்ட் போச்சு: டர்பன்காரர்கள் கவனம்

சனிக்கிழமை சாயங்காலம் சலவைக்கடையிலிருந்து வாங்கி வந்த துணிப் பை இன்னும் சாப்பாட்டு மேஜை மேல் கிடக்கிறது. தொட மனசு வரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மெல்லிய உள்ளாடைகளை எப்படித் துவைத்துப் பாதுகாப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்தது.

டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். அக்காவுக்குப் போன வருடம் மார்பில் ஆபரேஷன், ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். அப்புறம் அவள் போடுவது சாதாரண பிரா இல்லை. உள்ளே பை தைத்து, சிலிகான் மார்பைச் செருகிக்கொள்கிற வகை. ஒன்று 950 ராண்ட், நான்கு வாங்கினோம். தழும்பில் மற்ற துணி பட்டால் எரிகிறது என்று பட்டு சிம்மீஸ் இரண்டு, ஒன்று 800. ஆக 5,400 ராண்ட். அவளே தினமும் பச்சைத் தண்ணீரில் அலசிப் போடுவாள். அக்குளில் நிணநீர்க் கணுக்களையும் எடுத்ததால் கை அவ்வப்போது வீங்கும். இந்த மாதம் வீக்கம் அதிகம், துணியைப் பிடிக்கவே முடியவில்லை. எனக்கு நைட் ஷிப்ட். அதனால்தான் சலவைக்கடை.

வீட்டுக்கு வந்து துணி எடுத்துப்போகிற கடைகளில் ஒன்று. ஆனாலும் நானே நேரில் கொண்டுபோனேன். 'மென்துணிகளுக்குக் கைச்சலவை' என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் ஒரு பிராவை எடுத்து உள்பக்கப் பையைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே குரலைத் தாழ்த்தினாள். "எங்க அம்மாவுக்கும் இதே ஆபரேஷன்தான், அக்கா. மெஷின் பக்கமே போகாது, நானே கையால துவைச்சுத் தரேன்." பேசியது இங்கிலீஷ்தான், ஆனால் அந்த 'அக்கா' மட்டும் தமிழில் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைச்சலவை என்று பில்லில் எழுதச் சொல்லத் தோன்றவே இல்லை. 340 ராண்ட் முன்பணமாகக் கட்டிவிட்டு வந்தேன்.

பையைத் திறந்ததும் ப்ளீச் நெடி. பட்டு மஞ்சளாகிக் கிடந்தது. விரலால் அழுத்திய இடம் அப்படியே விட்டுப் போனது. பட்டு என்பது புரத இழை, குளோரின் ப்ளீச் அதைக் கரைத்தே விடும். சலவைக்கடை வைத்திருப்பவருக்கு இது தெரியாதா? பிராக்களின் கதை வேறு. டிரையர் சூட்டில் எலாஸ்டிக் செத்துப் பட்டை நெளிநெளியாக ஆகியிருக்கிறது, இழுத்தால் திரும்புவதில்லை. உள்பையின் தையலும் விட்டுவிட்டது. அக்கா ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். சிலிகான் கீழே சரிந்தது. எதுவும் பேசாமல் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் கடைக்கு போன். மேனேஜர் இல்லை. மதியம் மறுபடி. "மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது, தண்ணீர் தேங்கிவிட்டது." கையால் துவைத்திருந்தால் கரண்ட் எதற்கு என்று கேட்டேன். லைன் கட். செவ்வாய்க்கிழமை நேரில் போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் உள்ளே போனவள் வெளியே வரவில்லை. மேனேஜர் பில்லின் பின்பக்கத்தைத் திருப்பி, லேஸுக்கும் எலாஸ்டிக்குக்கும் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். "பழைய உள்ளாடைதானே மேடம்" என்றார். பழையது! 5,400 ராண்ட், ஐந்து மாதம்கூட ஆகவில்லை. கடைசியில் அடுத்த சலவைக்கு 150 ராண்ட் கழிவு தருவதாகச் சொன்னார். அப்புறம் வாட்ஸப்பில் படங்கள் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். லேபிளில் தொட்டிக்குள் கை இருக்கிற படம் (கையால் மட்டும் துவைக்க என்ற குறி) போட்டிருந்தால் அதை யாரிடமும் கொடுக்காதீர்கள். பட்டுக்கும் லேஸுக்கும் குளிர்ந்த தண்ணீர், காரமில்லாத சோப்பு. என்சைம் கலந்த பவுடர் பட்டுக்கு ஆகாது. முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் போடுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள், 'கைச்சலவை, ப்ளீச் இல்லை, டிரையர் இல்லை' என்று பில்லில் எழுத வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், அம்மா கதை சொன்னாலும்.

பொடி எழுத்தைக் காட்டினால் மடங்கிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவில், நம் பொருளைக் கையில் வைத்திருப்பவர் அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. நேற்று ராத்திரி பில், படம், 5,400 ராண்ட் ரசீது எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். கிழிந்ததை எதையும் தூக்கிப் போடவில்லை.

அக்காவிடம் இப்போது இருப்பது அந்த நான்கில் சேராத ஒரே ஒரு பிரா, சலவைக்குப் போட்ட அன்று உடம்பில் இருந்தது. வேலைக்குக் கிளம்புமுன் நான்தான் அதை அலசிப் போடுகிறேன். இந்த ஈரக் காற்றில் விடிவதற்குள் காய்வதில்லை. நாளைக்கு எட்டு மணிக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில் செக்கப்.