மாஸ்டர் லீவு போட்ட அன்று சாப்பிட்டேன்: மைதானத்துக் கடை, மயிலாடுதுறை

டிபன் கடையை எடை போட எனக்கு ஒரே வழிதான். மாஸ்டர் இருக்கிற நாளில் சாப்பிட்டதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். அவர் லீவு போட்ட நாளில் போய் உட்கார்ந்து, இலையில் என்ன விழுகிறது என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன். இந்தக் கடைக்கு மூன்று வருடமாகப் போகிறேன். அந்த நாள் போன ஐப்பசி முதல் வாரத்தில்தான் வாய்த்தது.

ராஜன்தோட்டம் சாய் விளையாட்டு மைதானத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பெயர்ப்பலகை கிடையாது. ஏதோ ஒரு புயலில் பறந்ததாம், திரும்ப மாட்டவில்லை. மைதானத்துக் கடை என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். ஆறு மேசை, சுவரோரம் நின்று சாப்பிட ஒரு பலகை, ஐஸ்கிரீம் பெட்டிக்கு மேலே ஒரு டிவி. இட்லி 10 ரூபாய், பொங்கல் 45, நெய் ரோஸ்ட் 80, காபி 20. காலையில் ஐந்தரைக்குத் திறந்து பதினொன்றுக்கு அடைத்துவிடுவார்கள். மாலைக் கடை இல்லை.

சாப்பாட்டில் முதலில் சொல்ல வேண்டியது கடப்பா. வெளியூர்க்காரர்களுக்கு: இது நம் பக்கத்து டிபன் கடைகளில் இட்லிக்கு ஊற்றும் சமாச்சாரம். பாசிப்பருப்பு, மசித்த உருளைக்கிழங்கு, அரைத்த தேங்காய், சோம்பு. பார்வைக்கு வெளிறிப்போய் இருக்கும், குருமா என்று நினைத்து ஏமாறக் கூடாது. இங்கே ஞாயிறும் வெள்ளியும் போடுவார்கள். மாஸ்டர் கடப்பாவை அடுப்பிலிருந்து இறக்கி, நுரை அடங்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் எலுமிச்சம்பழம் பிழிவார். கொதிக்கும்போதே பிழிந்தால் கசந்துவிடும் என்பார். அந்த இரண்டு நிமிடப் பொறுமைதான் இந்தக் கடை.

இப்போது டிவிக்கு வருகிறேன். கல்லாவில் இருக்கிற அண்ணன் ஒரு காலத்தில் மாவட்ட அணிக்குக் கூடைப்பந்து ஆடியவர். முழங்கால் போன பிறகு கடை. அதிகாலையில் எல்லா டிபன் கடையிலும் சுப்ரபாதமோ செய்தியோ ஓடினால், இங்கே சந்தா கட்டி அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ. ஓடுகிறது. டென்வரில் ராத்திரி ஏழு மணி என்றால் நமக்குக் காலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. இட்லி வேகும் நேரமும் ஆட்டம் சூடு பிடிக்கும் நேரமும் ஒன்று. நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர். சாக்குக் கணக்கு தொடங்குவதற்கு முன்னால் எனக்குக் கிடைக்கிற ஒரு மணி நேரம் இதுதான்.

அண்ணனும் நானும் டென்வர் நக்கெட்ஸ் ஆட்கள். காரணம் நிகோலா யோகிச். வேகமாக ஓடவும் மாட்டார், உயரமாகக் குதிக்கவும் மாட்டார், ஆனால் பந்து அவர் கையில் இருந்தால் மற்ற நாலு பேருக்கும் வழி திறக்கும். அணிகள் புது ஆட்களை வரிசையாக எடுக்கும் 2014 தேர்வில் 41ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். 2021, 2022, 2024 என்று மூன்று முறை சிறந்த வீரர் விருது. 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 29.6 புள்ளி, 12.7 ரிபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), 10.2 அசிஸ்ட் (கூடை விழ வைக்கும் பாஸ்). வளைக்குக் கீழே சென்டர் இடத்தில் நிற்கிற ஆள், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு வேலையைப் பார்க்கிறார்.

ஒரே அணி என்பதால் சண்டை இல்லை என்று நினைக்காதீர்கள். அண்ணன் கட்சி: "அஞ்சு பேர் ஆடுற ஆட்டம். அஞ்சு பேர் நல்லா இருந்தா போதும் தம்பி." என் கட்சி பெஞ்சு, அதாவது முதல் ஐவருக்கு மாற்றாக இறங்குகிறவர்கள்.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2023இல் மயாமியை 4-1 என்று அடித்துக் கோப்பை வாங்கியபோது மரே, கால்ட்வெல்-போப், போர்ட்டர், கோர்டன், யோகிச் ஆகிய ஐவரும்தான் பாரம் சுமந்தார்கள். பருவக் கடைசியில் தோற்றவர் வெளியேறும் பிளே-ஆஃப் சுற்றுகள் வந்தால் எந்தப் பயிற்சியாளரும் எட்டு பேருக்கு மேல் நம்பத் தயங்குவார். ஆனால் அந்த எட்டில் ஒருத்தர் புரூஸ் பிரவுன். இறுதிச் சுற்றின் நாலாவது ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து 21 புள்ளி, அதில் 11 கடைசி கால்பகுதியில். அவர் வெளியே நிற்கிற கார்டா, உள்ளே நிற்கிற பார்வர்டா என்று கேட்டால் பதில் கிடையாது. எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே நிற்பார்.

கோப்பை வாங்கிய கையோடு அவர் போய்விட்டார். சம்பள விதிப்படி டென்வரால் ஆண்டுக்குச் சுமார் 78 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க முடியாது. இண்டியானா இரண்டு ஆண்டுக்கு 4.5 கோடி டாலர் என்றது. யார்தான் போக மாட்டார்?

இந்த இடம் வந்தால் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டுச் சில்லறை எண்ணுவார். காரணம் எனக்குத் தெரியும். கடையில் ஒரு சப்ளையர் இருந்தார். இலை போடுவார், பில் சொல்வார், மாஸ்டர் டீ குடிக்கப் போனால் கல்லில் நிற்பார், மாவு ஆட்டும் மிஷின் நின்றால் அதையும் திறந்து பார்ப்பார். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு மடங்கு சம்பளம் சொன்னார்கள். அண்ணனால் கொடுக்க முடிந்தது அதில் பாதி. அவர் போன பிறகு அந்த இடத்துக்கு இரண்டு பேரைப் போட்டார், இன்னமும் காபி ஆறித்தான் வருகிறது. இது கடை மீது என் முதல் குறை. நாலு வேலை தெரிந்த ஒருத்தரை, ஒவ்வொரு வேலை தெரிந்த இரண்டு பேரால் ஈடு கட்ட முடியாது.

அடுத்து 2024. மினசோட்டாவுடன் பிளே-ஆஃப் தொடரைத் தீர்க்கும் ஏழாவது ஆட்டம், சொந்த மைதானம், இரண்டாம் பாதியில் 20 புள்ளி முன்னிலை. கடைசியில் 98-90 என்று தோற்றார்கள். மரே 35, யோகிச் 34. கூட்டிப் பாருங்கள், 69. மிச்சம் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து 21. அன்றைக்கு நான் அண்ணனிடம் ஒன்றுமே பேசவில்லை, பில் தாளின் பின்புறம் 90 - 69 என்று எழுதிக் கல்லாவில் வைத்துவிட்டு வந்தேன். அந்த வருடத்தின் சிறந்த மாற்று ஆட்டக்காரர் விருது வாங்கிய நாஸ் ரீட் அதே மினசோட்டாவின் ஆள் என்றும் எழுதியிருக்கலாம். வெந்த புண்ணில் வேல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

2025 இன்னும் மோசம். ஒக்லஹோமாவுடன் மறுபடி ஏழாவது ஆட்டம், 125-93. நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டிய ஆட்டம், வீட்டில் தனியாகப் பார்த்தேன். ஆறு அடி ஐந்து அங்குலமுள்ள அலெக்ஸ் கரூசோ, ஒரு கார்டு, ஆறு அடி பதினொன்று உள்ள யோகிச்சின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு முன்னால் வந்து வந்து பாஸை மறித்தார். அவரும் பெஞ்சிலிருந்து வந்தவர். இந்தப் பக்கம் கோர்டனுக்குத் தொடைத் தசை கிழிந்திருந்தது, அதோடேயே ஆடினார், அவர் இடத்தில் இறக்க வேறு ஆள் இல்லை. காலையில் கடைக்குப் போனால், "அதான் உங்க பெஞ்சு கட்சி ஜெயிச்சிடுச்சே, பொங்கல் சாப்பிடுங்க" என்றார் அண்ணன். அன்று பொங்கலில் மிளகு தூக்கல். அதையும் தோல்விக் கணக்கில் எழுதிவிட்டேன்.

சரி, ஆட்டத்தில் யார் எந்த இடத்தில் நிற்பது என்ற சண்டைக்கு வருகிறேன், அதுதான் சுவாரசியம். எங்கள் காலத்துப் பயிற்சியாளர்கள் முதுகு நம்பர் மாதிரி இடத்தையும் ஒட்டிவிடுவார்கள். உயரமா, வளைக்குப் பக்கத்தில் போஸ்டில் நில், பந்தைத் தரையில் தட்டாதே. நான் கல்லூரியில் ஸ்மால் பார்வர்டு, மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தால் வெளியே உட்கார வைப்பார்கள். அண்ணனும் அந்தப் பள்ளிதான். கோர்டன் வளைக்குக் கீழே வேலை பார்க்க வேண்டிய பவர் பார்வர்டு, தூரத்திலிருந்து எறிவது அவர் வேலை இல்லை என்று இரண்டு வருடமாகச் சாதித்தார்.

2025 அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. விடிய விடிய மழை. பருவத்தின் முதல் ஆட்டம், கோல்டன் ஸ்டேட்டுடன், நமக்கு ஏழரைக்கு ஆரம்பம். கடைக்குள் நுழைந்தால் கல்லுக்குப் பின்னால் மாஸ்டரைக் காணோம். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர், மழையில் பஸ் கிடைக்காமல் அங்கேயே தங்கிவிட்டாராம். கல்லில் நிற்பது பார்சல் கட்டும் பையன். பதினெட்டு வயது இருக்கலாம். நான் எதிர்பார்த்த நாள், ஆனால் பசியோடு வந்திருக்கக் கூடாத நாள்.

முதல் ரோஸ்ட் நடுவில் கிழிந்தது. இரண்டாவதில் ஓரம் கருகிவிட்டது, நடு வேகவில்லை. மாஸ்டர் மாவை ஊற்றி, கிண்ணத்தின் அடியால் உள்ளிருந்து வெளியே ஒரே இழுப்பில் சுழற்றுவார். பையன் பயந்து பயந்து நாலு சுற்று சுற்றினான், அதற்குள் கல்லின் சூட்டில் மாவு பிடித்துக்கொண்டது. மூன்றாவது தோசைக்கு முன் அவன் ஒன்று செய்தான். யாரும் சொல்லாமலே அடுப்பைத் தணித்து, கல்லில் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் வழித்து, பாதி வெங்காயத்தால் தேய்த்துவிட்டு, சின்னதாக ஊற்றினான். ரோஸ்ட் இல்லை, சாதா தோசை அளவு. ஆனால் முழுசாக வந்தது. "ரோஸ்ட் இல்லண்ணே, இன்னைக்கு இதான். ரெண்டா வச்சிடவா?" என்றான். வைத்தான். தனக்கு வராததை விட்டுவிட்டு வருவதைச் செய்கிற மாற்று ஆட்டக்காரர் ஒருத்தர் டென்வரில் இருந்திருந்தால் 2024இல் நான் கணக்கு எழுதியிருக்க வேண்டியதில்லை.

கடப்பாதான் கவிழ்ந்தது. அதை அண்ணனே வைத்தாராம். உருளைக்கிழங்கு கட்டி கட்டியாக, சோம்பு கூடிப்போய், எலுமிச்சையைக் கொதியிலேயே பிழிந்த கசப்பு. சஷ்டி விரதக்காரர் ஒருத்தர் பக்கத்தில் வெறும் காபி குடித்துக்கொண்டிருந்தார், அவர்தான் பிழைத்தார்.

டிவியில் அதே நேரம் கோர்டன் எறிந்துகொண்டிருந்தார். மூன்று பாயிண்ட், மறுபடி மூன்று பாயிண்ட். முடிவில் 50 புள்ளி, அதில் பத்து மூன்று பாயிண்ட் கூடைகள். பவர் பார்வர்டு! அண்ணன் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று பார்த்தார், சாம்பார் சொட்டியது. ஆனாலும் கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டீபன் கர்ரி 42 எடுத்தார், கூடுதல் நேரத்தில் டென்வர் 137-131 என்று தோற்றது. "பாத்தியா, அம்பது அடிச்சும் தோத்தாச்சு" என்றார். யார் கட்சிக்கு அது சாட்சி என்று எங்களுக்கு இன்னும் தீரவில்லை.

இந்த 2025-26 பருவ அணியைப் பற்றி மட்டும் இருவரும் ஓரளவு ஒத்துப்போகிறோம். போர்ட்டரைப் புரூக்ளினுக்குக் கொடுத்து கேம் ஜான்சனை வாங்கினார்கள். டிம் ஹார்டவே ஜூனியர் வந்தார். டொராண்டோ, நியூ ஆர்லியன்ஸ் என்று சுற்றிவிட்டு புரூஸ் பிரவுனே திரும்பி வந்துவிட்டார். எல்லாவற்றையும்விட, சாக்ரமெண்டோவிலிருந்து யோனாஸ் வலன்சியூனாஸ். ஆட்டம் 48 நிமிடம், யோகிச் 37 ஆடினால் சென்டர் இடத்தில் 11 நிமிடம் மிஞ்சும். வருடக்கணக்கில் அந்தப் பதினொன்றில்தான் முன்னிலை கரைந்தது. இப்போது அங்கே நிற்க ஒரு நிஜ சென்டர் இருக்கிறார். கோர்டனை அந்த இடத்துக்கு இழுக்க வேண்டியதில்லை.

கடையின் மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கை கழுவும் இடத்தில் டிவியைப் பார்த்தபடி நிற்பவர்களால் வழி அடைபடும். ஆட்ட நாளில் பார்சல் கேட்காதீர்கள், கால்பகுதி முடிந்தால்தான் நூல் சுற்றும் கை நகரும். ரவா தோசை எட்டு மணிக்கு முன்னால் கிடையாது. மாஸ்டர் இருந்தால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். இல்லாத நாளுக்கு மூன்று. அந்த மூன்றும் பையனுக்கு.

போன வாரம் கல்லாவில் ஒரு பில் தாளை என் பக்கம் தள்ளினார் அண்ணன். பின்புறம் ஐந்து பேர், ஐந்து பேர் தாண்டி நாலு பேர், ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் என்று பென்சிலில் எழுதி, கீழே கூட்டி 240 (ஐந்து இடம், இடத்துக்கு 48) என்று கோடு போட்டிருந்தார். ஐந்து பேர் கட்சிக்காரர் ஒன்பது பேருக்கு நிமிடம் பிரித்திருக்கிறார்! யோகிச்சுக்கு 38. நான் 34 என்று அடித்துத் திருத்தி, மிச்சம் நாலை வலன்சியூனாஸ் பெயரில் ஏற்றினேன். பருவம் முடியும்போது சராசரி யாருக்குப் பக்கத்தில் வருகிறதோ, மற்றவர் ஒரு நெய் ரோஸ்ட் வாங்கித் தர வேண்டும். மாஸ்டர் கையால். பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன், ஏப்ரலுக்குள்ள நானே போட மாட்டேனா?" என்றான். அண்ணன் தாளை மடித்து ஐநூறு ரூபாய் நோட்டுகளுக்கு அடியில் வைத்தார்.