பத்து டிகிரியா, ஏழு டிகிரியா? குழந்தைப் படுக்கைக்கு யார் சட்டம் உருப்படி

கைக்குழந்தையைச் சாய்த்துத் தூங்கவைக்கும் படுக்கைகளைக் கட்டுப்படுத்த மூன்று முறைகள் நடைமுறையில் இருந்து பார்த்தாயிற்று: விற்றபின் திரும்பப் பெறும் அமெரிக்காவின் பழைய வழி, பட்டுத் தெளிந்தபின் அதே அமெரிக்கா போட்ட தடை, ஆஸ்திரேலியா இப்போது கொண்டுவந்திருப்பது. என் ஓட்டு மூன்றாவதற்கு.

பழைய வழியின் லட்சணம் ஒரே பொருளில் தெரிந்துவிடும். ஃபிஷர்-பிரைஸ் என்ற அமெரிக்க பொம்மை நிறுவனம் 2009-ல் ராக் அண்ட் பிளே என்ற சாய்வுப் படுக்கையைக் கொண்டுவந்தது, சாய்வு ஏறக்குறைய 30 டிகிரி. இப்படிச் சாய்ந்து தூங்கும் பச்சைக் குழந்தையின் தலை முன்னால் விழுந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சு வழி அடைபடலாம். தொட்டில் விதிக்குள் அடக்காமல் இதைத் தனி வகையாக ஒதுக்கினார்கள், 2015-ல் அந்த வகைக்கு ஒரு தரநிலையும் வந்தது, அதை எழுதிய குழுவில் தயாரிப்பாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள், வரம்பும் 30 டிகிரி. பரீட்சை எழுதுகிறவனே கேள்வித்தாள் தயாரித்த கதை. கனடாவில் அதைத் தூங்கும் படுக்கை என்று விற்க சுகாதாரத் துறை ஒப்பவில்லை, இருக்கை என்று பெயர் மாற்றி விற்றார்கள்.

சரி, சாவுகள் தெரிந்ததும் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கத்தியிருக்க வேண்டாமா? முடியாது. நிறுவனத்துக்கு முன்கூட்டித் தெரிவித்து, அதன் பதிலையும் கேட்காமல் பொருளின் பெயரைச் சொல்லவிடாத 6(பி) என்ற சட்டப் பிரிவு அங்கே இன்னும் இருக்கிறது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழுக்கு ஆணையம் தவறுதலாகப் பெயர்களை மறைக்காமல் தகவல் அனுப்பியதால்தான் விஷயம் வெளியே கசிந்தது. 2019 ஏப்ரலில் 47 லட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள், அப்போது தெரிந்த சாவுகளே 30-க்கு மேல்.

இரண்டாவது வழி நிஜமான முன்னேற்றம். ஆணையத்துக்காக எரின் மேனன் என்ற ஆய்வாளரின் குழு செய்த ஆய்வு 10 டிகிரிக்குள்தான் பாதுகாப்பு என்றது, 2022-ல் அந்த எண்ணே சட்டமாயிற்று, கூடவே தொட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்புக்கும் தடை. ஆனால் விதி பிடிப்பது தூங்குவதற்கென்று விற்கும் பொருளை. குழந்தைக்கு அட்டையில் போட்டிருக்கும் பெயர் தெரியுமா என்ன? ஊஞ்சல் நாற்காலியிலும் தூங்கும், சாய்வு மெத்தையிலும் தூங்கும். அந்த மெத்தைகளுக்கு அமெரிக்கா தனி விதி போட 2024 அக்டோபர் வரை ஆனது.

ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் விதி எழுதியபோது இந்த ஓட்டையையும் சேர்த்தே பார்த்தது. தூங்கும் பொருளுக்கு 7 டிகிரி வரம்பு. தூங்க அல்ல என்று விற்கும் சாய்வுப் பொருளிலும் எச்சரிக்கை கட்டாயம். மூன்று டிகிரி வித்தியாசம் பெரிதல்ல, இந்த இரண்டாவது பாதிதான் பெரிது. ஒரு குறை உண்டு: கடைகள் மாறிக்கொள்ள 18 மாதம் கொடுத்துவிட்டார்கள், கைக்குழந்தைக் கணக்கில் அது ஒரு முழுத் தலைமுறை.

அப்புறம், ஏற்கெனவே வீட்டுக்குள் போய்விட்டதை எந்த விதியும் எட்டிப்பிடிப்பதில்லை. 2023 ஜனவரியில் ராக் அண்ட் பிளே அறிவிப்பை அமெரிக்கா மறுபடி வெளியிட வேண்டியிருந்தது, மொத்தம் சுமார் 100 சாவுகள், அதில் குறைந்தது எட்டு திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த பிறகு நடந்தவை.