அப்பாவுக்கு ஸ்பீக்கரா, சித்தப்பாவின் குரலா?

விபத்துக்குப் பிறகு அப்பா கண் திறந்தார், ஆனால் யாரையும் பார்க்கவில்லை. ஐந்தாம் மாதம் மூக்குக் குழாயோடு திருகோணமலை உப்புவெளி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பாட்டுக் கேட்க வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், எப்படி என்பதை நாங்களே பழகிக்கொண்டோம்.

ஸ்பீக்கர் சுகம்தான், பக்கத்தில் ஆள் வேண்டாம். வீண் என்றும் சொல்லமாட்டேன். 2015-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்றில் அப்பாவைப் போல விழிப்புணர்வு குன்றிய 13 நோயாளிகளுக்குப் பிடித்த இசையைப் போட்டுவிட்டு அவரவர் பெயரைச் சொன்னபோது, வெறும் இரைச்சலுக்குப் பிறகு சொன்னதைவிட மூளை நன்றாக எதிர்வினை காட்டியது. ஆனால் நாங்கள் காலையிலிருந்து இரவுவரை ஓடவிட்டோம், அது பிழை. ஓயாத சத்தம் ஃபேன் சத்தம்போல ஆகிவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு நிறுத்துங்கள்.

அப்புறம்தான் சித்தப்பா அம்பா பாடத் தொடங்கினார், கரையில் நின்று வலை இழுக்கும்போது மீனவர் பாடும் பாட்டு அது. இரண்டு பேரும் இளமையில் ஒன்றாகக் கரைவலை இழுத்தவர்கள். அம்பாவில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பதில் பாட வேண்டும். சித்தப்பா அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, மூச்சு வெளியே போகும்போது அடியை முடித்து, பதிலுக்குரிய இடத்தைச் சும்மா விட்டுக் காத்திருப்பார். எனக்கு எல்லாமே இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களிடமிருந்து பதில் வந்தால் தாமதமாகத்தான் வரும், அதற்குள் ஸ்பீக்கர் அடுத்த அடிக்குப் போய்விடும். மூன்றாம் கிழமை, "ஏலேலோ" முடிந்து கொஞ்ச நேரம் கழித்து வலது பெருவிரல் மடங்கியது.

ஒருதரம் மடங்கினால் அது அனிச்சையாகவும் இருக்கலாம். அதனால் கொப்பி போட்டோம்: எந்த அடி, எத்தனை விநாடி கழித்து, என்ன அசைந்தது, பாட்டே இல்லாமல் பத்து நிமிடம் இருந்து பார்த்ததும் அதில் உண்டு. இப்படிப்பட்டவர்களின் விழிப்புணர்வை இசையால் அறிய இசைச் சிகிச்சையாளர்கள் செய்யும் மாடடொக் (MATADOC) மதிப்பீட்டிலும் இதே வேலைதான், பல தடவை பாடி 14 விடயங்களைக் கவனிக்கிறார்கள். கொப்பியைப் பார்த்த டொக்டர், 23 புள்ளி கொண்ட விழிப்புணர்வுச் சோதனையைத் திரும்பச் செய்தார். குறைந்தபட்ச விழிப்புணர்வு இருக்கிறது, அதாவது இடைக்கிடை சுற்றி நடப்பதைக் கொஞ்சம் உணர்கிறார் என்றார்.

அந்த விழிப்பை அம்பாதான் கொண்டுவந்தது என்று சொல்ல என்னால் முடியாது, முதல் மாதங்களில் மூளை தானாகவும் தேறும். ஆனால் ஸ்பீக்கரோடு விட்டிருந்தால் அந்த விரலை நாங்கள் கண்டிருக்கவே மாட்டோம்.

சித்தப்பா கடலுக்குப் போகும் நாட்களில் போனில் பதிந்த அவர் குரல்தான். ஒவ்வொரு அடி முடிய தங்கச்சி கையால் நிறுத்திவிட்டு, அப்பாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.