வண்டி வந்த பிறகான ஏழு நிமிடங்கள்

லண்டனில் இருபது ஆண்டுகளாக வசிக்கும் எனக்கு, பினாங்கு போகும்போதெல்லாம் ஊரின் பொதுச்சேவைகளை எடைபோட்டு உறவினர்களை எரிச்சலூட்டும் பழக்கம் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அத்தை வீட்டில் தங்கியிருந்தபோது, இம்முறை எடைபோடத் தீயணைப்புச் சேவை கிடைக்கும் என்று நான் எண்ணவில்லை.

மாலை 6:42 மணிக்கு, மூன்று கடை தள்ளியிருந்த துணிக்கடையின் மாடிக் கிடங்கிலிருந்து புகை வந்தது. மாமா உடனே 999-க்கு அடித்தார். எந்த உதவி வேண்டும் என்று கேட்டு இணைப்பை மாற்றினார்கள். அடுத்துப் பேசியவர் கட்டட எண்ணையும் அருகிலுள்ள அடையாளத்தையும் கேட்டபோது, பதற்றத்தில் "ருமா கெடாய், ருமா கெடாய்" (மலாயில் கடைவீடு) என்பதையே மாமா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கடை எண்ணை அத்தைதான் பின்னாலிருந்து கத்திச் சொன்னார்.

6:51-க்கு வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. முதல் வண்டி சராசரியாக 6 நிமிடத்திலும் இரண்டாவது 8 நிமிடத்திலும் சேர வேண்டும் என்பது லண்டன் தீயணைப்புப் படையின் இலக்கு. பண்டிகைக் கூட்டத்தில் 9 நிமிடம் என்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். பாம்பு புகுந்தாலும் குளவி கூடு கட்டினாலும் மலேசியாவில் நாம் கூப்பிடுவது பொம்பா எனப்படும் இதே தீயணைப்புப் படையைத்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் தீயின் மீது முதல் தண்ணீர் விழுந்தபோது மணி 6:58. இடைப்பட்ட ஏழு நிமிடங்களையும் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில், நின்று பார்த்தேன். தெருமுனையில் இரட்டை வரிசையில் நிறுத்தியிருந்த காரைத் தாண்ட முடியாமல் வண்டி நின்றுவிட, வீரர்கள் குழாய்ச்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, பூமாலைக் கடைகளையும் விளக்குக் கடைகளையும் விலக்கியபடி நடந்தே வந்தார்கள். வண்டித் தொட்டியின் நீர் நெடுநேரம் தாங்காது என்பதால் ஒருவர் தெருக்குழாயைத் தேடினார். அது பானப் பெட்டிகளின் அடுக்குக்குப் பின்னால் இருந்தது. தீயணைப்புக் குழாயை மறைப்பதை 1988-ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டம் குற்றமாக்கியிருந்தும், பெட்டிகளை அடுக்கியவருக்கும் தினமும் அவற்றைக் கடந்து போன எங்களுக்கும் அது ஒருநாளும் உறுத்தியதில்லை.

அதன் பிறகு அவர்கள் வேலை செய்த விதத்தில் நான் குறை காணவில்லை. மின்சாரத்தைத் துண்டித்த பிறகே நீர் பாய்ச்சினார்கள். மூச்சுக்கருவி அணிந்த இருவர் கிரில்லை வெட்டி உள்ளே போய், யாரும் சிக்கவில்லை என்று உறுதிசெய்தார்கள். வேறொருவர் எங்கள் வீட்டு மாடிக்கே வந்து கூரையடியைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைவீடுகளின் இடைச்சுவர் செங்கல்தான் என்றாலும், மாடிப் பலகையும் கூரை மரமும் நூறாண்டு உலர்ந்தவை என்பதால், ஒரு கடையின் தீயை அந்த ஒரு கடையின் தீயாக மட்டும் அவர்கள் நினைக்கவில்லை. அரை மணி நேரத்தில் தீ அடங்கியது.

ஆகவே வண்டி எத்தனை நிமிடத்தில் வந்தது என்ற ஒரே எண்ணால் நகரத் தீயணைப்பை மதிப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த 9 நிமிடம் அவர்களுடைய கணக்கு. 7 நிமிடம் தெருவின் கணக்கு. மூன்றாவது கணக்கு வீட்டுக்குள் இருக்கிறது. 2017 செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் சமயப் பள்ளி விடுதி எரிந்து 23 பேர் இறந்தபோது, சன்னல்களில் இருந்த இரும்புக் கிரில்கள் பிள்ளைகள் தப்புவதற்குத் தடையாக இருந்தன. எந்த வண்டி எவ்வளவு விரைவாக வந்தாலும் உள்ளிருந்து திறக்க முடியாத கிரில்லுக்கு அதனால் பதில் சொல்ல முடியாது.

அன்றிரவு எங்கள் வாசல் கிரில்லின் சாவியைத் தேடினேன். சாமி மேடையில், விபூதித் தட்டுக்கு அடியில் இருந்தது. அத்தை ஒன்றும் பேசாமல் அதை எடுத்து, கதவோரத்தில் பேரனின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார். பானப் பெட்டிகள் மூன்றாம் நாளே பழைய இடத்துக்கு வந்துவிட்டன.