பாடாத பாடகி, தாளம் விட்ட ராப், கிட்டார் இல்லாத மெட்டல்

ராப் என்றால் டிரம்ஸ் அதிர வேண்டும். மெட்டல் என்றால் கிட்டார் உறும வேண்டும். இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக்) குழுவில், குரல் சுமாராக இருந்தாலும், யாராவது ஒருவர் பாட வேண்டும். இந்த மூன்று எதிர்பார்ப்புகளையும் மீறிய மூன்று ஆல்பங்களைச் சில வருடங்களாக மாற்றி மாற்றிக் கேட்டுவருகிறேன். கிளாஸ்கோ நகரத்துக் குழுவான லைஃப் வித்தவுட் பில்டிங்ஸின் 'எனி அதர் சிட்டி' (2001), புரூக்ளின் ராப்பர் கா வெளியிட்ட 'ஹானர் கில்ட் த சாமுராய்' (2016), சியாட்டிலைச் சேர்ந்த இருவர் குழு பெல் விட்ச்சின் 'மிரர் ரீப்பர்' (2017). அந்தந்த வட்டத்துக்குள் இவற்றை உயிராக நேசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வட்டத்தைத் தாண்டினால் பெயர்கூடத் தெரியாது.

ஒன்றை மட்டும் கேட்க நேரம் இருக்கிறது, எதைக் கேட்பது? நண்பர்கள் இப்படிக் கேட்கும்போது 'மூன்றும் நல்லதுதான்' என்று சொல்லி நழுவப் பிடிக்கவில்லை. மூன்றும் வேறு வேறு ஜாதி இசை என்றாலும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வழி உண்டு. இல்லாமல் முடியாது என்று எல்லோரும் நினைக்கும் ஒன்றை எடுத்துவிட்டார்கள், சரி. காலியான அந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது? அதை வைத்துத்தான் நான் எடை போடுகிறேன்.

முதலில் இண்டி. லைஃப் வித்தவுட் பில்டிங்ஸ் 1999இல் தொடங்கியது. குழுவில் பெரும்பாலோர் கிளாஸ்கோ கலைப்பள்ளியில் படித்தவர்கள். பெயரை 'ஜப்பான்' என்ற இங்கிலாந்துக் குழுவின் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 2002இல் கலைந்துவிட்டது. ஸ்டுடியோவில் பதிவுசெய்தது இந்த ஒரே ஆல்பம். கிட்டார், பேஸ் (அடித்தொனிக்கான கனத்த கம்பி வாத்தியம்), டிரம்ஸ் மூன்றும் பளிச்சென்று, சின்னத் துள்ளலோடு போகின்றன. அவற்றின் மேல் சூ டாம்ப்கின்ஸ் பேசுகிறார். ஒரு சொல்லைப் பிடித்து நாலைந்து தடவை திருப்பிச் சொல்கிறார், பாதியில் விடுகிறார், எழுத்தெழுத்தாகப் பிரிக்கிறார், பிறகு எங்கேயோ வேறு வாக்கியத்துக்குத் தாவுகிறார். மிருதங்கச் சொற்கட்டு கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும். சொல் இங்கே முதலில் ஓசை, அப்புறம்தான் பொருள். ஆனால் சொற்கட்டுக்குக் கணக்கு உண்டு. டாம்ப்கின்ஸிடம் இருப்பது, தனியாக விளையாடும் குழந்தை தனக்குத்தானே பேசிக்கொள்ளும்போது வருகிற சுதந்திரம்.

ராகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இந்த ஆல்பம் ஒரு மனுஷியின் படபடப்பை வைக்கிறது. காதல் வந்த புதிதில் வாக்கியங்கள் முடியாமல் போகுமே, அந்தப் படபடப்பு. 'தி லீன்ஓவர்' என்ற பாட்டு வெளியாகி ஏறக்குறைய இருபது வருடம் கழித்து டிக்டாக்கில் பரவியது. அந்தக் குழு இருந்த காலத்தில் பிறக்காத பிள்ளைகள்கூட அதற்கு வாயசைத்தார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பாட்டுக்கு வயதே ஆகவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். பத்துப் பாட்டும் ஒரே உத்தி. ஏழு, எட்டாவது பாட்டுக்கு வரும்போது கவனம் கொஞ்சம் நழுவுகிறது. வேகம் தணிந்து வரும் கடைசிப் பாட்டு 'சாரோ' அதை மீட்டுக் கொடுக்கிறது.

இனி கா. இயற்பெயர் கசீம் ரயன். 1972இல் பிறந்தவர், புரூக்ளினின் பிரவுன்ஸ்வில் பகுதியில் வளர்ந்தவர். தொண்ணூறுகளில் 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' என்ற குழுவில் இருந்தார். மற்றவர்கள் அளவுக்குத் தனக்குத் திறமை போதவில்லை என்று விலகினார். நியூயார்க் தீயணைப்புத் துறையில் சேர்ந்து கேப்டன் வரை உயர்ந்தார். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, 2008இல், முதல் தனி ஆல்பத்தைத் தானே வெளியிட்டார். அதிலிருந்து 2024 அக்டோபரில் 52 வயதில் இறக்கும் வரை, பெரும்பாலான ஆல்பங்களை ஒரு கருப்பொருளைச் சுற்றி நெய்துகொண்டே இருந்தார். ஒன்றில் சதுரங்கம், ஒன்றில் கிரேக்கப் புராணம், இன்னொன்றில் பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனின் கதை. 'ஹானர் கில்ட் த சாமுராய்' ஆல்பத்தில் ஜப்பானியப் போர்வீரர்களின் தர்மம். பாட்டுகளுக்கு இடையே சாமுராய்களைப் பற்றிய பேச்சுத் துணுக்குகள் வருகின்றன. அவற்றின் பக்கத்திலேயே பிரவுன்ஸ்வில் தெருவின் மானம், பழி, விசுவாசம் எல்லாம் வந்து நிற்கின்றன.

இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் பல இடங்களில் அறவே இல்லை. இருக்கும் இடத்திலும் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போலத்தான் கேட்கும். ராப் கேட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் தடவை இது ஏதோ பதிவுக் கோளாறு போலத் தோன்றலாம். சின்னக் கிட்டார் துணுக்கு ஒன்று சுழல்கிறது, கா கிட்டத்தட்டக் கிசுகிசுப்பான குரலில் சொல்லிக்கொண்டே போகிறார். குரல் உயர்வதே இல்லை. தாளத்தின் வேலையைச் சொல் தலையில் ஏற்றுக்கொள்கிறது. எங்கே அழுத்துகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்பதுதான் இங்கே தாளம்.

அந்தச் சொல்லுக்குள் இருப்பது சிலேடை. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் ஓட்டினார் என்று பள்ளியில் படித்த நமக்கு இதன் ருசி தெரியும். காவின் ஒரு வரியைத் தெருவில் நடந்த சம்பவமாகக் கேட்டு முடிப்பதற்குள், அதே வரி வாள் பிடித்தவன் வாக்குமூலமாகவும் நிற்கும். வித்தை காட்டச் செய்த சிலேடை இல்லை இது. தான் வளர்ந்த வாழ்க்கையை நேராகச் சொல்ல மனம் வராத ஒருவர், இரண்டு அர்த்தம் உள்ள சொல்லுக்குப் பின்னால் நின்று உண்மையைச் சொல்வது. மூன்றாவது தடவை வரிகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக் கேட்டபோதுதான் எனக்கு இது முழுசாக விளங்கியது. அன்று முதல் பாட்டிலேயே நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, மறுபடியும் நிறுத்தினேன். சுமார் அரை மணி நேர ஆல்பத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

இந்த ஆல்பம் வெளிவந்தபோது கா அதைத் தெருவில் நின்று தன் கையாலேயே விற்றார். நியூயார்க்கின் புகழ்பெற்ற ஹிப்-ஹாப் (ராப் சார்ந்த இசை) இசைத்தட்டுக் கடையான ஃபேட் பீட்ஸ் 2010இல் மூடப்பட்டிருந்தது. அந்தக் கடை இருந்த இடத்துக்கு முன்னால் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்து விற்றார். அதே மாதம் நியூயார்க் போஸ்ட் நாளிதழ், அரசு ஊதியம் வாங்கும் தீயணைப்புக் கேப்டன் போலீசுக்கு எதிராக ராப் பாடுகிறார் என்று அவர்மேல் பாய்ந்தது. செப்டம்பர் 11 தாக்குதலின்போது களத்துக்குப் போன தீயணைப்பு வீரர் அவர். மானம் மனிதனை என்ன செய்யும் என்று ஆல்பம் போட்டவருக்கு அந்த மாதமே இப்படி நடந்தது. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

பெல் விட்ச்சுக்கு வருவோம். மெட்டலுக்குள் 'ஃபியூனரல் டூம்' என்று ஒரு பிரிவு. இழவு வீட்டின் வேகத்தில் நகரும் இசை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பின்லாந்தில் தெர்கோத்தான், ஸ்கெப்டிசிசம் போன்ற குழுக்கள் வடிவம் கொடுத்தது. பெல் விட்ச் அதை இன்னும் சுருக்கி இரண்டே ஆளாக்கியது. டிலன் டெஸ்மண்ட் வாசிப்பது ஆறு கம்பி பேஸ். இரண்டு கைகளாலும் கம்பிகளைத் தட்டி, கிட்டார் செய்ய வேண்டியதையும் அதிலேயே செய்கிறார். இன்னொருவர் டிரம்ஸ். 'மிரர் ரீப்பர்' ஒரே பாட்டு. 83 நிமிடம்.

ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. இந்த ஆல்பம் உருவாகிக்கொண்டிருந்தபோது, 2016இல், குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான டிரம்ஸ் கலைஞர் ஏட்ரியன் கெர்ரா இறந்துபோனார். அதற்கு முன்பே அவர் குழுவை விட்டிருந்தார். அவர் இடத்துக்கு ஜெஸ்ஸி ஷ்ரைப்மன் வந்திருந்தார். முந்தைய ஆல்பத்துக்காகக் கெர்ரா பாடி, பயன்படுத்தாமல் விட்ட குரல் பதிவுகள் இருந்தன. அவற்றை எடுத்து இந்தப் பாட்டின் நடுவே வைத்தார்கள். பாட்டு பாதி தூரம் போனபின், இசை அடங்கி ஒதுங்கி வழிவிட, செத்தவரின் குரல் வருகிறது. நம் ஊர் ஒப்பாரியில் இருப்பவர் இறந்தவரைக் கூப்பிடுவார், பதில் வராது. இங்கே பதில் வருகிறது.

அதற்குப் பிறகுள்ள பகுதியில் எரிக் மொக்ரிட்ஜ் என்ற பாடகரின் மென்மையான குரல் சேர்கிறது. முதல் பாதியின் பாரம் மெல்ல மெல்ல இறங்குகிறது. கிட்டாரை எடுத்துவிட்ட இடத்தில் இந்த ஆல்பம் வைத்திருப்பது இடைவெளி. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே உள்ள காத்திருப்பு. அதைப் பொறுக்க முடியாதவர்களுக்கு இருபதாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். வற்புறுத்த வேண்டாம்.

நேருக்கு நேர் வைத்தால் என்ன தெரிகிறது?

ஆங்கிலத்தை வைத்துப் பார்த்தால் நாம் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஓடும் ஆங்கிலப் பேச்சைக் காதால் பிடிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மிகச் சுலபமானது, ஆச்சரியமாக, 'மிரர் ரீப்பர்'. அங்கே துக்கத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. 'எனி அதர் சிட்டி' கேட்கவும் அர்த்தம் அவசியமில்லை. டாம்ப்கின்ஸ் சொல்வதில் பாதி ஆங்கிலேயருக்கே வாக்கியமாகத் தேறாது. காவிடம் மட்டும் தப்பிக்க முடியாது. வரியைப் படிக்காமல் அவரைக் கேட்பது, ஒரு வெண்பாவின் ஓசையை மட்டும் ரசிப்பதற்குச் சமம். அதுவும் இன்பம்தான், ஆனால் பாதி இன்பம்.

நேரக் கணக்கில் பெல் விட்ச் தோற்கிறது. பேருந்தில், சமையலுக்கு நடுவே, துண்டு துண்டாகக் கேட்கவே முடியாது. இரவு, வீடு அடங்கிய பிறகு, நல்ல ஸ்பீக்கர். மொபைலின் சின்ன ஸ்பீக்கரில் அந்தப் பேஸ் ஒலி வெறும் முனகலாகத் தேய்ந்துவிடும். 'எனி அதர் சிட்டி'க்கு எந்த நிபந்தனையும் இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுகூடப் போடலாம். காவுக்கு ஹெட்போன் வேண்டும்.

நான் பெரிதாக நினைப்பது திரும்பக் கேட்பதைத்தான். 'எனி அதர் சிட்டி' முதல் நாள் கொடுத்த சந்தோஷத்தையே பத்தாம் நாளும் கொடுக்கிறது. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. 'மிரர் ரீப்பர்' நான் இதுவரை நாலே தடவை முழுதாகக் கேட்டது. நாலு தடவையும் மறக்கவில்லை, ஆனால் ஐந்தாவது தடவைக்கு மனசைத் தயார் செய்ய வேண்டும். காவின் ஆல்பம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. போன வருடம் புரியாத ஒரு வரி இந்த வருடம் திறந்துகொள்கிறது.

இந்த இடங்களுக்கு வேறு போட்டியாளர்களும் இருந்தார்கள். மெட்டலில் சான் பிரான்சிஸ்கோக் குழு வீக்லிங்கின் ஒரே ஆல்பம் 'டெட் ஆஸ் ட்ரீம்ஸ்' (2000) பக்கத்திலேயே வந்தது. ஐந்து பாட்டு, சுமார் ஒன்றேகால் மணி நேரம், அசுர வேகம். அதில் கிட்டார்தான் எல்லாம் என்பதால் இந்த ஒப்பீட்டுக்குள் வரவில்லை. ஹிப்-ஹாப்பில் கேனிபல் ஆக்ஸின் 'தி கோல்ட் வெய்ன்' (2001) எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் அதை இப்போது பலருக்குத் தெரியும்.

என் முடிவு இதுதான். ஒன்றே ஒன்று என்றால் 'ஹானர் கில்ட் த சாமுராய்'. மற்ற இரண்டும் எடுத்துவிட்டதற்கு ஈடாக ஒரு உணர்ச்சியை வைக்கின்றன. கா அந்த இடத்தில் மொழியை வைக்கிறார், அதை வைத்துத் தாளம், கதை, வாக்குமூலம் எல்லாவற்றையும் எழுப்புகிறார். சமீபத்தில் யாரையாவது இழந்தவராக இருந்தால் மட்டும் வரிசையை மாற்றுங்கள். மனம் இடம் கொடுக்கும் நாளில் பெல் விட்ச்சிடம் போங்கள். ஆங்கில இசையே புதிது, பயமாக இருக்கிறது என்றால் 'தி லீன்ஓவர்' பாட்டோடு ஆரம்பிக்கலாம்.

காவைக் கேட்கும்போது முதல் தடவை வரிகளைப் பார்க்காதீர்கள், குரல் மட்டும் போதும். இரண்டாவது தடவை வரிகளைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிடித்துப்போனால் அடுத்தது 2013இல் வந்த 'தி நைட்ஸ் கேம்பிட்'. அங்கே வாள் போய்ச் சதுரங்கக் காய் வரும்.