கதவில் அட்டையா, முன்கூட்டியே நேரமா?

விடுதி அறையில் தனிமை வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, கதவுப் பிடியில் 'தொந்தரவு செய்யாதீர்' அட்டை. மாட்டுவது சுலபம், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 2017 அக்டோபரில் லாஸ் வேகஸில் ஒரு விடுதி அறையிலிருந்து நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, அட்டை நீண்ட நேரம் தொங்கினால் ஊழியர் வந்து பார்க்கலாம் என்று சில பெரிய விடுதிக் குழுமங்கள் விதியை மாற்றின.

இன்னொன்று, வரவேற்பறையில் "சுத்தம் செய்ய 11 மணிக்கு மேல் வாங்க" என்று சொல்லிவிடுவது. என் ஓட்டு இதற்குத்தான். ஒரே நாளில் பல அறைகளைச் சுத்தம் செய்யும் பணியாளர், மூடிய கதவுக்கு முன்னால் வண்டியோடு திரும்பத் திரும்ப வந்து போக வேண்டாம். துண்டு மட்டும் மாற்ற வேண்டுமா? சரி, வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம், எந்த வழியானாலும் குளிக்கப் போகும் முன் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிடுங்கள். பணியாளரின் சாவி அட்டை மின்பூட்டைத்தான் திறக்கும்.