ரீஃபண்ட் வரவில்லையா? பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

வருமான வரியின் இ-ஃபைலிங் தளம் இப்போதைய வடிவத்துக்கு மாறியது 2021 ஜூன் 7-ல். சம்பளமும் வங்கி வட்டியும் மட்டுமே உள்ள ரிட்டர்னுக்கு அது இன்று நன்றாகவே வேலை செய்கிறது. சில நாட்களில் பணம் வந்துவிடுவதும் உண்டு. எங்காவது சிக்கிக்கொண்ட ரிட்டர்னுக்குத்தான் இந்தத் தளம் மோசம். ரிட்டர்னின் நிலை ஒரு பக்கத்தில், நோட்டீஸ் வேறொரு பக்கத்தில், வங்கிக் கோளாறு மூன்றாவது பக்கத்தில். ‘ரீஃபண்ட் வரவில்லை’ என்று மொட்டையாகப் புகார் போட்டால், ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மொட்டையான பதில்தான் கிடைக்கும்.

முதலில் ‘வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். அங்கே இ-வெரிஃபை முடிந்ததாகக் காட்டுகிறதா? ரிட்டர்ன் போட்ட 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ, கையெழுத்திட்ட ஐடிஆர்-வி (ஒப்புகை) படிவத்தைப் பெங்களூரு சிபிசிக்கு (ரிட்டர்ன்களைக் கணக்கிடும் வருமான வரித் துறை மையம்) அனுப்பியோ உறுதி செய்ய வேண்டும். 30 நாள் தாண்டினால், உறுதி செய்த தேதிதான் ரிட்டர்ன் போட்ட தேதி. கடைசி நாளில் போட்டுவிட்டு மறந்தவர்களுக்குத் தாமதக் கட்டணமும் சேர்ந்து வரும்.

‘அண்டர் பிராசஸிங்’ என்று நின்றால் சட்டப்படி சிபிசிக்கு நிறையவே அவகாசம் இருக்கிறது: ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து 9 மாதம். 2025 செப்டம்பரில் போட்டதற்கு 2026 டிசம்பர் 31 வரை. இந்த நிலையில் சும்மா காத்திருக்காமல் ‘பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்’ பகுதியைத் திறந்து பாருங்கள். 139(9) பிரிவில் ‘குறையுள்ள ரிட்டர்ன்’ என்று நோட்டீஸ் வந்து, 15 நாள் கெடு மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டிக்குள்ளேயே கழிந்துபோவது அடிக்கடி நடப்பது. அரசியல் கட்சி நன்கொடை, சம்பளம் தரும் நிறுவனம் கொடுக்கும் படிவம் 16-ல் இல்லாத பெரிய வரிக் கழிவுகள் போன்றவை சந்தேகப் பட்டியலில் விழுந்து ரீஃபண்ட் நிறுத்தப்படுவதும் உண்டு. கழிவு உண்மையானால் ரசீதோடு காத்திருக்கலாம். தவறாகக் கேட்டிருந்தால் திருத்திய ரிட்டர்ன் போடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். அதற்கான கெடு முடிந்த பின் மிஞ்சும் ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ வழியில் ரீஃபண்ட் கேட்கவே முடியாது.

பான், ஆதாருடன் இணையாமல் செயலிழந்திருந்தால் ரீஃபண்ட் வராது. செயலிழந்திருந்த காலத்துக்கு வட்டியும் கிடையாது. இந்த விதி 2023 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

‘பிராசஸ்டு’ என்று வந்தும் தொகை குறைந்திருந்தால் 143(1) அறிவிப்பைத் திறக்க வேண்டும். பிடிஎஃப் கடவுச்சொல், சிறிய எழுத்தில் பான் எண்ணும் தொடர்ந்து எட்டு இலக்கப் பிறந்த தேதியும். உள்ளே அருகருகே இரண்டு பத்திகள்: நீங்கள் சொன்னது, சிபிசி கணக்கிட்டது. இரண்டும் எந்த வரிசையில் முதலில் பிரிகின்றனவோ அதுதான் காரணம். பெரும்பாலும் அது டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்த வரி) வரிசை. நிறுவனம் பிடித்த வரியை உங்கள் பானில் ஏற்றாமல் விட்டிருந்தால், அல்லது பானில் ஓர் எழுத்து மாறியிருந்தால், உங்கள் பானில் ஏறிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அது தெரியாது. இதற்குச் சிபிசியிடம் முறையிட்டுப் பயனில்லை. நிறுவனம் தன் காலாண்டு டிடிஎஸ் கணக்கைத் திருத்தி, 26ஏஎஸ்-ல் தொகை ஏறிய பிறகுதான் 154 பிரிவில் திருத்தக் கோரிக்கை போட வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகப் போட்டால் அதே குறைந்த தொகைதான் திரும்ப வரும்.

நம் ஊர்க்காரர்களை அதிகம் வாட்டுவது வங்கிக் கணக்கு. வங்கியில் பெயர் ‘எஸ். முருகன்’. பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் அங்கே ‘முருகன் சுப்பையா’, அல்லது ‘சுப்பையா முருகன்’. கணக்கை முன்கூட்டிச் சரிபார்க்கும்போது இந்த முரண்பாட்டால் தோல்வி காட்டும். அதற்காக பானை மாற்றக் கிளம்ப வேண்டாம். பான் அட்டையில் உள்ளபடியே பெயரைத் திருத்தச் சொல்லி வங்கிக் கிளையில் கேஒய்சி படிவம் கொடுப்பது எளிது. வங்கி இணைப்புகள் இன்னொரு கண்ணி. 2020-ல் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்ததுபோல, வங்கி கைமாறி ஐஎஃப்எஸ்சி மாறியிருந்தால் பழைய விவரம் தளத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். கணக்கு ‘வேலிடேட்டட்’ என்று இருந்தால் மட்டும் போதாது, ‘ரீஃபண்டுக்கு நியமிக்கப்பட்டது’ என்ற சுவிட்சும் ஆன் ஆகியிருக்க வேண்டும். இரண்டும் சரியான பின் ‘சர்வீசஸ்’ பகுதியில் ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ கோரிக்கை போட்டு அதையும் இ-வெரிஃபை செய்யுங்கள். கணக்கைச் சரிசெய்வதாலேயே பணம் தானாக வந்துவிடும் என்று நம்பிக் கோரிக்கை போடாமல் விட்டவர்கள்தான் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கிறார்கள்.

245 பிரிவுக் கடிதம் வந்தால், பழைய வரி பாக்கிக்கு இந்த ரீஃபண்டைக் கழிக்கப்போகிறார்கள் என்று பொருள். பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய பாக்கிகூட இப்படித் திடீரென்று தலைகாட்டும். கடிதத்தில் உள்ள கெடுவுக்குள் ‘டிமாண்ட் சரியல்ல’ என்று பதிந்து, செலான் அல்லது பழைய உத்தரவைச் சேர்க்க வேண்டும். பதில் போடாவிட்டால் கழித்துவிடுவார்கள்.

தாமதத்துக்கு வட்டி உண்டு. 244ஏ பிரிவில் மாதம் 0.5 சதவீதம், மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதம். கெடுவுக்குள் போட்ட ரிட்டர்னுக்கு மதிப்பீட்டு ஆண்டின் (வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) ஏப்ரல் 1 முதல் கணக்கு. டிடிஎஸ் வழியே வரவேண்டிய ரீஃபண்ட் 40,000 ரூபாய், ஜனவரியில் அனுமதிக்கிறார்கள் என்றால் 10 மாதம், 2,000 ரூபாய். தாமதமாகப் போட்டிருந்தால் போட்ட நாளிலிருந்துதான். ரீஃபண்ட், மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவானால் வட்டியே இல்லை. உங்கள் பக்கத்துத் தாமதமும் கழிக்கப்படும். கிடைத்த வட்டி, ‘பிற வருமானம்’ தலைப்பில் வரிக்குரியது. அடுத்த ரிட்டர்னில் விட்டுவிட்டால், உங்கள் வருமான விவரங்களைத் துறை திரட்டி வைக்கும் ஏஐஎஸ் அறிக்கை காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் புகார். தளத்தின் ‘கிரீவன்சஸ்’ பகுதியில் ரிட்டர்ன் ஒப்புகை எண், 143(1) தேதி, ரீஇஷ்யூ கோரிக்கை எண், வங்கித் தோல்விக்குக் காட்டிய காரணம் ஆகியவற்றை நாலே வரியில் எழுதுங்கள். சட்ட விளக்கமும் ஆவேசமும் வேண்டாம். 1800 103 0025 எண்ணில் பேசினால் திரையில் தெரிவதைத்தான் வாசிப்பார்கள், இருந்தாலும் கோரிக்கை சிபிசியிடம் இருக்கிறதா, உங்கள் வருமான வரி வார்டு அதிகாரியிடமா என்று கேட்டு வாங்குங்கள். அதிகாரியிடம் என்றால் ‘நோ யுவர் ஏஓ’ (உங்கள் மதிப்பீட்டு அதிகாரியை அறியுங்கள்) பக்கத்தில் அவர் அலுவலக மின்னஞ்சல் கிடைக்கும். ஊர் மாறியவர்களின் பான் இன்னும் பழைய ஊர் வார்டிலேயே இருக்கக்கூடும். அங்கும் நகரவில்லை என்றால் மத்திய அரசின் பொதுப் புகார் தளமான சிபிகிராம்ஸ். 2024 ஆகஸ்ட் முதல் புகாரைத் தீர்க்க 21 நாள் வரம்பு வைத்திருக்கிறார்கள். பதில் சொல்லாமலே மூடிவிட்டால், கருத்துக் கேட்கும் இடத்தில் ‘திருப்தி இல்லை’ என்று பதியுங்கள்; மேல்முறையீட்டுக்கான வழி அப்போதுதான் திறக்கும்.